துப்பாக்கி கேமில் கதை எங்கே இருக்கிறது?

மொபைலில் பப்ஜியோ ஃப்ரீ ஃபயரோ மட்டும் விளையாடிப் பழகியவரிடம் போய், "ஒரு ஷூட்டர் கேமை முடித்துவிட்டு அழுதுவிட்டேன்" என்று சொன்னால் அவர் நம்ப மாட்டார். அவருடைய சந்தேகம் நியாயமானதுதான். இறங்கு, ஆயுதம் பொறுக்கு, சுடு, கடைசி ஆளாக நில் என்பதே அவர் அறிந்த ஆட்டம். கதை உள்ள கேம்களில்கூட, அது சண்டைகளுக்கு நடுவே ஓடும் வீடியோதானே, ஸ்கிப் செய்தால் போயிற்று என்று பலர் நினைக்கிறார்கள்.

ஆனால் கடந்த முப்பது ஆண்டுகளில் இந்த வகை கேம்களுக்கென்றே ஒரு கதைசொல்லும் முறை வளர்ந்திருக்கிறது. எந்த நேரத்தில் எந்தச் செயலை விளையாடுபவரின் கையில் கொடுப்பது, எந்த நேரத்தில் அதைப் பறிப்பது என்ற தீர்மானத்தில்தான் அந்த முறை நிற்கிறது. வசனமும் வீடியோவும் அதற்கு அடுத்தபடிதான். இதைப் பிடித்துக்கொண்டால், இந்த கேம்கள் ஏன் மனதைப் பிசைகின்றன, ஏன் சில நேரம் சொதப்புகின்றன, ஏன் அரசாங்கங்கள்வரை சர்ச்சை போகிறது என்பதெல்லாம் புரியத் தொடங்கும்.

பல கேம்களின் முக்கியத் திருப்பங்களையும் முடிவுகளையும் கீழே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறேன். அவற்றை இனிமேல்தான் விளையாடப் போகிறவர்கள் கவனித்துக்கொள்ளவும்.

முதலில் சில சொற்கள்

1. முதல்நபர் ஷூட்டர்: கதாபாத்திரத்தின் கண் வழியாகவே உலகைப் பார்த்துச் சுடும் கேம். திரையில் உங்கள் முகமோ முதுகோ தெரியாது. கையும் துப்பாக்கியும்தான் தெரியும். பப்ஜியில் பெரும்பாலானவர்கள் விளையாடுவது, ஆளின் முதுகுக்குப் பின்னால் கேமரா நிற்கும் மூன்றாம்நபர் பார்வை.

2. கேம்பெயின்: பிறரோடு மோதாமல் தனியாக, மிஷன் மிஷனாகக் கதையைக் கடந்து போகும் பகுதி. இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றியதுதான்.

3. கட்சீன்: ஆட்டம் நின்று, சினிமாபோல ஓடும் காட்சி. அந்த நேரத்தில் நீங்கள் எதையும் இயக்க முடியாது.

4. மூழ்குதல்: கவனம் முழுதும் கேமுக்குள் போய், அங்கே நடப்பது தனக்கே நடப்பதுபோல எடுத்துக்கொள்ளும் நிலை. கிராஃபிக்ஸ் நன்றாக இருந்தால் இது தானாக வந்துவிடும் என்று நினைப்பது தவறு. 1990-களின் மங்கலான, கட்டம் கட்டமான படங்களிலேயே இது நிகழ்ந்திருக்கிறது.

பார்வை மட்டும் போதாது

கதாபாத்திரத்தின் கண்ணாகக் கேமராவை வைத்துவிட்டால் நாம் அவராகிவிடுவோமா? சினிமா இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. 1947-இல் ராபர்ட் மாண்ட்கோமரி இயக்கிய 'லேடி இன் த லேக்' ஏறக்குறைய முழுவதும் துப்பறிவாளரின் கண் வழியாகவே எடுக்கப்பட்டது. மற்ற நடிகர்கள் கேமராவைப் பார்த்தே பேசினார்கள். அந்தப் பாணி சினிமாவில் வேரூன்றவில்லை. காரணம் எளிது: அந்தக் கண் எங்கே திரும்ப வேண்டும் என்று பார்வையாளர் முடிவு செய்யவில்லை. யாரோ ஒருவரின் தலைக்குள் அடைபட்டுக் கிடக்கும் உணர்வுதான் மிஞ்சியது.

கேமில் மவுஸை நகர்த்தினால் பார்வை நகர்கிறது. பட்டனை அழுத்தினால் அந்தக் கை கதவைத் திறக்கிறது. நினைத்ததும் நடப்பதும் ஒரே கணத்தில் சேரும் இந்தச் சுற்று ஆயிரக்கணக்கான முறை நடந்த பிறகு, திரையில் தெரியும் கையை வேறொருவரின் கை என்று நினைக்கத் தோன்றுவதில்லை. "அவன் செத்துட்டான்" என்று சொல்லாமல் "நான் செத்துட்டேன்" என்று விளையாடுபவர்கள் சொல்வதைக் கவனித்திருப்பீர்கள்.

டூமிலிருந்து ஹாஃப்-லைஃபுக்கு

1993 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட டூம், இந்த வகையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அதன் வடிவமைப்பாளர்களில் ஒருவரான டாம் ஹால் விரிவான கதையோடு ஒரு ஆவணமே தயாரித்தார். அதில் பெரும்பகுதி கைவிடப்பட்டது. அவரும் கேம் வெளிவருமுன்பே நிறுவனத்தை விட்டுப் போனார். கதை என்று ஒன்று இருக்கலாம், ஆனால் அது முக்கியமில்லை என்பது தலைமை புரோகிராமர் ஜான் கார்மாக்கின் நிலைப்பாடு. டூமின் நாயகனுக்குப் பெயர்கூட இல்லை. ஆனாலும் திரையின் கீழே அவன் முகம் இருந்தது. அடிபட அடிபட அதில் ரத்தம் வழியும். உடலைப் பற்றிய அந்த ஒரு சின்ன நினைவூட்டல் எந்த வசனத்தையும்விட நன்றாக வேலை செய்தது என்பது என் கருத்து.

திருப்பம் 1998 நவம்பரில் வந்தது. வால்வ் நிறுவனத்தின் முதல் கேமான ஹாஃப்-லைஃபின் கதையை எழுதியவர் மார்க் லெய்ட்லா, ஏற்கெனவே நாவலாசிரியராக இருந்தவர். இந்த கேம் தனக்குத்தானே ஒரு கடுமையான விதி போட்டுக்கொண்டது: பார்வை ஒருபோதும் நாயகன் கார்டன் ஃப்ரீமனின் கண்ணை விட்டு வெளியேறாது. எல்லாம் உங்கள் கண்ணெதிரே, நீங்கள் நடமாடிக்கொண்டிருக்கும்போதே நடக்கும்.

அதன் தொடக்கத்தை விரிவாகப் பார்ப்பது நல்லது. பின்னால் வந்த பல கேம்களின் இலக்கணம் அங்கேதான் இருக்கிறது.

கேம் தொடங்கும்போது நீங்கள் பிளாக் மெசா என்ற ஆய்வுக்கூடத்துக்குள் போகும் ஒரு சின்ன ரயில்பெட்டியில் நிற்கிறீர்கள். சில நிமிடங்களுக்குச் செய்ய எதுவும் இல்லை. பெட்டிக்குள் நடக்கலாம், சன்னல் வழியே பார்க்கலாம், அவ்வளவுதான். கையில் ஆயுதம் கிடையாது. வெளியே ஊழியர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உலகத்தைக் காப்பாற்ற வந்தவராக உங்களை யாரும் வரவேற்கவில்லை. வேலைக்குத் தாமதமாக வந்த ஒரு இயற்பியலாளர், அவ்வளவே.

அப்புறம் சோதனை. விஞ்ஞானிகள் ஒரு படிகத்தைத் தள்ளுவண்டியில் அனுப்புகிறார்கள். அந்த வண்டியை இயந்திரத்துக்குள் தள்ள வேண்டியது நீங்கள்தான். வேறு யாரும் செய்ய மாட்டார்கள்; நீங்கள் தள்ளும்வரை கேம் காத்திருக்கும். தள்ளியதும் எல்லாம் வெடித்துச் சிதறுகிறது, வேற்றுலக உயிர்கள் உள்ளே வருகின்றன. சற்று முன் அமைதியாக நடந்து வந்த அதே தாழ்வாரங்கள் வழியாகத் திரும்பி ஓட வேண்டும். வாசலில் நின்ற காவலர், கணினி முன் இருந்த விஞ்ஞானி என்று நீங்கள் கடந்து வந்த மனிதர்கள் விழுந்து கிடக்கிறார்கள்.

இதையே ஒரு கட்சீனாகக் காட்டியிருந்தால் அது ஒரு விபத்துச் செய்தி. வண்டியைத் தள்ளியது உங்கள் கை என்பதால் அது வேறாகிறது. உண்மையில் உங்களுக்கு வேறு வழியே தரப்படவில்லை, எனவே குற்றமும் உங்களுடையதல்ல. அது அறிவுக்குத் தெரிந்தாலும் கைக்குத் தெரியாது. இந்த இடைவெளியைத்தான் நல்ல ஷூட்டர் கேம்கள் எல்லாம் பயன்படுத்துகின்றன.

கொஞ்சம் தாண்டி இன்னொரு இடம். ராணுவம் வருகிறது, காப்பாற்றப் போகிறார்கள் என்று விஞ்ஞானிகள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் மகிழ்ச்சியோடு சிப்பாயை நோக்கி ஓடுகிறார். சிப்பாய் அவரைச் சுட்டுவிடுகிறான். இசை மாறவில்லை, கேமரா நெருங்கிப் போகவில்லை. நீங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் அதைத் தவறவிட்டிருக்கவும் கூடும். தானே கண்டுபிடித்த துரோகம் என்பதால் அது அழுத்தமாகப் பதிகிறது.

2004-இல் வந்த ஹாஃப்-லைஃப் 2 இதையே இன்னும் சின்னதாகச் செய்தது. சிட்டி 17 என்ற நகரின் ரயில் நிலையத்தில் ஒரு காவலன் காலி டப்பாவைத் தட்டிவிட்டு, எடுத்துக் குப்பைத்தொட்டியில் போடச் சொல்கிறான். போட்டால் சிரித்துவிட்டு வழிவிடுவான். அவன் மேலேயே எறிந்தால் துரத்தி அடிப்பான். பொருள்களைத் தூக்குவது எப்படி என்று கற்றுத்தரும் பயிற்சிதான் அது. ஆனால் அடக்குமுறை ஆட்சி என்றால் என்ன என்பதை, ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல், அந்த அரை நிமிடம் உணர்த்திவிடுகிறது. அவமானத்தை விழுங்கிக்கொண்டு டப்பாவைப் போட்டவருக்கும் எறிந்துவிட்டு ஓடியவருக்கும் அந்த ஊர் ஒன்றாக இருக்காது.

மனிதர்கள் இல்லாத இடத்தில் கதை

இதற்கு முன்பே வேறொரு வழி இருந்தது. 1994-இல் லுக்கிங் கிளாஸ் உருவாக்கிய சிஸ்டம் ஷாக் கேமில் விண்வெளி நிலையத்தில் இருந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் இறந்துவிட்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற பதிவுகளைத் தேடிப் படித்து, கேட்டு, நடந்ததை நீங்களே கோர்க்க வேண்டும். இது கலைக்காக மட்டும் எடுத்த முடிவில்லை. மெனுவில் இருந்து பதில் தேர்ந்தெடுத்துப் பேசும் உரையாடல்கள் செயற்கையாக இருக்கின்றன, மூழ்குதலைக் கலைக்கின்றன என்று அந்தக் குழு தன் முந்தைய கேமில் உணர்ந்திருந்தது. நம்பும்படி பேசும் மனிதர்களை அன்று உருவாக்க முடியவில்லை; எனவே பேச வேண்டிய மனிதர்களையே இல்லாமல் செய்தார்கள். சுவரில் ரத்தம், கவிழ்ந்த நாற்காலி, பாதியில் நின்றுபோன குரல்பதிவு என்று இடமே கதை சொல்லும் உத்தி பின்னர் பயோஷாக் என்ற கேமில் உச்சத்துக்குப் போனது.

கையைக் கட்டிப்போடுவது

கட்டுப்பாட்டைக் கொடுப்பது ஒரு பாதி என்றால் பறிப்பது மறுபாதி. 2007-இல் வந்த கால் ஆஃப் டியூட்டி 4: மாடர்ன் வார்ஃபேர் இதை எப்படிச் செய்தது என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

1. கேமின் தொடக்கத்தில் நீங்கள் ஆட்சி கவிழ்க்கப்பட்ட ஒரு நாட்டின் அதிபர். கார் பின்சீட்டில் தள்ளப்பட்டு, மரணதண்டனைக்குக் கொண்டுபோகப்படுகிறீர்கள். தலையைத் திருப்ப மட்டுமே முடியும்.

2. பிறகு நீங்கள் பால் ஜாக்சன் என்ற அமெரிக்க மரைன். ஓடுகிறீர்கள், சுடுகிறீர்கள், வெல்கிறீர்கள். வழக்கமான ஷூட்டர்.

3. ஒரு மிஷனில் அணுகுண்டு அபாயம் இருக்கிறது, கிளம்ப வேண்டும். ஆனால் ஒரு ஹெலிகாப்டர் விழுந்துவிட்டது; உயிரோடிருக்கும் பைலட்டை இறங்கிப் போய்த் தூக்கி வருகிறீர்கள். நூறு கேம்கள் நமக்குக் கற்றுத்தந்த பாடம், இப்படிச் செய்தால் பரிசு உண்டு என்பது.

4. குண்டு வெடிக்கிறது. நீங்கள் தப்பிப் போகும் ஹெலிகாப்டரும் விழுகிறது.

5. கண் விழித்தால் நீங்கள் இன்னும் ஜாக்சன்தான். கன்ட்ரோலும் உங்கள் கையில் இருக்கிறது. ஊர்ந்து வெளியே வரலாம், தடுமாறி எழுந்து சில அடிகள் வைக்கலாம். சுட யாரும் இல்லை, எட்ட வேண்டிய இலக்கும் இல்லை. எந்தப் பக்கம் போனாலும் ஜாக்சன் இறக்கிறான்.

ஐந்தாவது படிதான் இதன் உயிர். குண்டு வெடித்ததுமே திரையைக் கறுப்பாக்கியிருந்தால் கதையில் எந்தக் குறையும் வந்திருக்காது. ஆனால் பட்டன்களை அழுத்திக்கொண்டே, ஏதாவது வழி இருக்கும் என்று தேடிக்கொண்டே தோற்பதுதான் அந்தக் காட்சி. கதாபாத்திரத்தின் கையாலாகாத நிலையும் விளையாடுபவரின் கையாலாகாத நிலையும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன.

2016-இன் பேட்டில்ஃபீல்ட் 1, முதல் உலகப்போரைச் சொல்ல இதே வழியில் போனது. தொடக்கப் பகுதியில், நீங்கள் உயிர் பிழைப்பீர்கள் என்று எதிர்பார்க்கப்படவில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. இறந்தால் அந்தச் சிப்பாயின் பெயரும் பிறந்த, இறந்த ஆண்டுகளும் திரையில் வருகின்றன; உடனே வேறொரு சிப்பாயாக விழிக்கிறீர்கள். செத்தால் மறுபடி முதலிலிருந்து என்ற கேம் உலகின் பழைய வசதியை எடுத்து, அதை ஒரு கல்லறை வரிசையாக மாற்றிவிட்டார்கள். மீதிக் கேம் இந்தத் தொடக்கத்தின் உயரத்தை எட்டவில்லை.

உடலும் பணமும்

உக்ரைனின் 4ஏ கேம்ஸ் உருவாக்கி 2010-இல் வெளிவந்த மெட்ரோ 2033, அணுப்போருக்குப் பின் மாஸ்கோவின் சுரங்க ரயில்பாதைகளில் வாழும் மக்களின் கதை. வெளியே போனால் வாயு முகமூடி வேண்டும். ஃபில்டர் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைக் கையைத் தூக்கிக் கடிகாரத்தில் பார்க்க வேண்டும். போருக்கு முன் தயாரான தரமான ராணுவத் தோட்டாக்கள்தான் அங்கே பணம். அவற்றைத் துப்பாக்கியில் போட்டுச் சுட்டால் எதிரி சீக்கிரம் விழுவான், ஆனால் நீங்கள் சுடுவது உங்கள் சேமிப்பை. வறுமையைப் பற்றி எந்தக் கதாபாத்திரமும் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை.

துப்பாக்கியே பிரச்சினையாகும்போது

இனி இந்த முறையின் பெரிய பலவீனம். ஷூட்டரில் உங்களுக்குத் தெரிந்த முதன்மைச் செயல் சுடுவது. கதை அன்பைப் பற்றியதாக இருந்தாலும் சுதந்திரத்தைப் பற்றியதாக இருந்தாலும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை யாரையாவது சுட்டாக வேண்டும். கதை சொல்வதும் கை செய்வதும் முரண்படும்போது எல்லாம் கலைந்துவிடுகிறது.

இந்த முரணுக்குப் பெயர் வைத்தவர் கேம் வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங். 2007 அக்டோபரில் அவர் எழுதிய விமர்சனத்தில் அதை 'லூடோநரேட்டிவ் டிஸ்ஸொனன்ஸ்' என்றார்: ஆட்டவிதி ஒன்று சொல்ல, கதை வேறொன்று சொல்லும் முரண். அவர் எடுத்துக்கொண்டது பயோஷாக்கை. கடலடியில் கட்டப்பட்ட ராப்சர் என்ற நகரம். தன்னலமே உயர்ந்த நெறி என்ற கொள்கையில் எழும்பி அழுகிப்போனது. அங்கே லிட்டில் சிஸ்டர் எனப்படும் சிறுமிகளைக் காப்பாற்றினால் ஒருவருக்கு 80 ஆடம் (சிறப்புச் சக்திகளைப் பெறச் செலவிடும் பொருள்) கிடைக்கும். உறிஞ்சிக் கொன்றால் 160. அதாவது, தன்னலமா கருணையா என்று விதிகள் உங்களிடம் கேட்கின்றன. ஆனால் கதையில் அப்படி ஒரு தேர்வே இல்லை. ரேடியோவில் வழிகாட்டும் அட்லஸ் என்ற குரல் சொல்வதைச் செய்துதான் ஆக வேண்டும்.

பயோஷாக்கின் தரப்பிலும் ஒரு பதில் இருக்கிறது. கேமின் நடுவில், அட்லஸ் பணிவாகச் சேர்த்துக்கொண்டே வந்த ஒரு சொற்றொடர், நாயகனை வசியப்படுத்தி வைத்திருக்கும் கட்டளை என்பது வெளிப்படுகிறது. நகரை நிறுவிய ஆண்ட்ரூ ரயனின் முன் நிற்கும்போது கன்ட்ரோல் உங்கள் கையைவிட்டுப் போய்விடுகிறது. உங்கள் கை அவரை அடித்துக் கொல்வதைப் பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே முடியும். இவ்வளவு நேரம் சொன்னதையெல்லாம் செய்தீர்களே, அது உங்கள் விருப்பமா என்று கேம் திருப்பிக் கேட்கிறது. ஷூட்டர் கேம்களின் வரலாற்றில் இதைவிடக் கூர்மையான கேள்வியை நான் பார்த்ததில்லை. ஆனால் அதற்குப் பிறகும் வழக்கம்போல இன்னொரு குரல் சொல்வதைச் செய்துகொண்டு மணிக்கணக்கில் ஆட வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் ஹாக்கிங்கின் விமர்சனம் அப்படியே நிற்கிறது.

ஹாக்கிங் விமர்சனத்தோடு நிற்கவில்லை. அவர் தலைமையில் 2008-இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட ஃபார் க்ரை 2, ஒரு ஆப்பிரிக்க நாட்டின் உள்நாட்டுப் போரில் உங்களைக் கூலிப்படை ஆளாக இறக்கிவிடுகிறது. மலேரியா படுத்துகிறது, துருப்பிடித்த துப்பாக்கி சண்டை நடுவே சிக்கிக்கொள்கிறது. உங்களைக் காப்பாற்ற ஓடிவரும் நண்பன் பிறகொருநாள் குண்டடிபட்டுக் கிடக்கும்போது, வலியைக் குறைக்கும் மார்ஃபின் ஊசிகளைப் போட்டுப் போட்டு, சில நேரம் சாகும் அளவுக்கே போட வேண்டியிருக்கும். பலருக்கு அந்த கேம் எரிச்சலூட்டியது. போர் எரிச்சலும் களைப்புமாக இருப்பதை விதிகளாலேயே சொல்ல முயன்ற கேம் என்பதால், அந்தக் குறைகளையும் சேர்த்தே அதை நான் மதிக்கிறேன்.

முரணை இனிமையாகத் தீர்த்த கேம் என்றால் 2016-இன் டைட்டன்ஃபால் 2. பைலட் ஜாக் கூப்பர், அவனுடைய பெரிய இயந்திரத் தோழன் பிடி (BT). நகைச்சுவையைக்கூட நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்ளும் இயந்திரம் அது. அதற்குள் ஏறினால் அதன் உடல் உங்கள் உடல். இறங்கினால் சுவர்களின் பக்கவாட்டில் ஓடும் தனியாள். ஓரிடத்தில், தன்னை நம்பச் சொல்லி உங்களைத் தூக்கிப் பெரும் பள்ளத்தைத் தாண்டி வீசுகிறது. பைலட்டைக் காப்பது அதன் மூன்றாவது நெறி. கடைசியில் அந்த நெறிப்படி உங்களை வெளியே வீசிவிட்டுத் தான் அழிகிறது. முன்பு விளையாட்டாக இருந்த அதே அசைவு இப்போது பிரிவாக வருகிறது. ஒரு இயந்திரத்துக்காக அழ முடிவது இதனால்தான்: பல மணி நேரம் நீங்கள் அதன் கையால்தான் சண்டை போட்டிருக்கிறீர்கள்.

குற்றவுணர்ச்சியும் சட்டமும்

இதுவரை சொன்னது சரியென்றால், ஒரு கவலை எழும். கையால் செய்வதுதான் இவ்வளவு ஆழமாகப் பதியும் என்றால், கொடுமையையும் கையால் செய்யவைக்கலாமா?

2009-இல் வெளியான மாடர்ன் வார்ஃபேர் 2-வின் 'நோ ரஷ்யன்' மிஷன் இந்தச் சர்ச்சையின் மையம். பயங்கரவாதிகளுக்குள் ஊடுருவிய சிஐஏ உளவாளியாக, மாஸ்கோ விமான நிலையத்தில் பொதுமக்கள் கொல்லப்படும்போது நீங்கள் அந்தக் கொலைகாரர்களோடு நடக்கிறீர்கள். சுட்டாலும் தண்டனையில்லை, சுடாவிட்டாலும் இல்லை. தடுக்கவும் முடியாது. முடிவில் உங்கள் வேடம் அவர்களுக்கு முன்பே தெரியும் என்பது வெளிப்பட்டு, நீங்களும் சுடப்படுகிறீர்கள்.

நாடுகள் இதற்குக் காட்டிய எதிர்வினையைக் கவனியுங்கள். ரஷ்யப் பதிப்பில் மிஷனையே நீக்கினார்கள். ஜெர்மனி, ஜப்பான் பதிப்புகளில் படுகொலைக் காட்சி இருந்தது; ஆனால் நீங்கள் பொதுமக்களைச் சுட்டால் மிஷன் தோல்வி. அதாவது படத்தில் கைவைக்கவில்லை, விதியில் கைவைத்தார்கள். கொடுமையைப் பார்ப்பதைவிட அதில் கைகொடுப்பதுதான் பிரச்சினை என்று அவர்கள் எண்ணியதை அந்த மாற்றமே காட்டுகிறது.

அமெரிக்காவில் வேறுவிதம். வன்முறை கேம்களைச் சிறுவர்களுக்கு விற்பதைத் தடுக்கும் கலிஃபோர்னியா சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2011-இல் 7-2 என்ற பெரும்பான்மையில் ரத்து செய்தது. புத்தகம், நாடகம், சினிமாபோல கேமும் கருத்தைச் சொல்லும் வடிவமே என்றது தீர்ப்பு. பாத்திரம், வசனம், கதைப்போக்கு, இசை ஆகியவற்றோடு, விளையாடுபவர் அந்த உலகத்தோடு ஊடாடுவதையும் கருத்தைச் சொல்லும் வழிகளில் ஒன்றாக அது எண்ணியது.

எனக்கு இரண்டு தரப்பிலும் நியாயம் தெரிகிறது, ஆனால் 'நோ ரஷ்யன்' விஷயத்தில் என் குறை வேறு. அவ்வளவு பெரிய அதிர்ச்சியைக் கையில் திணித்த கேம், அடுத்த மிஷனிலேயே பழைய ஓட்டத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஹாஃப்-லைஃபில் வண்டியைத் தள்ளியதன் விளைவுக்குள்ளேயே கேம் முழுக்க நடக்கிறோம். இங்கே விளைவு உலகப்போராக வருகிறது, ஆனால் அதைச் சுமப்பவர் வேறொரு சிப்பாய். துப்பாக்கி பிடித்த அந்த உளவாளி செத்துப்போய்விட்டான்.

எங்கிருந்து தொடங்கலாம்

இந்த கேம்கள் பெரும்பாலும் வயது வந்தவர்களுக்கானவை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு டைட்டன்ஃபால் 2 நல்லது. அதன் கேம்பெயின் ஒரு வார இறுதியில் முடிந்துவிடும். அடுத்து ஹாஃப்-லைஃப் 2, பிறகு பயோஷாக். ஃபார் க்ரை 2-வைப் பொறுமை உள்ளவர்கள் மட்டும் எடுக்கவும். மாடர்ன் வார்ஃபேர் 2, அந்த மிஷனைத் தவிர்க்க விருப்பமா என்று முன்பே கேட்கும். தவிர்த்தாலும் கேமை முடிப்பதில் எந்த இழப்பும் இல்லை.